பாபாவா, சாவரினா? பாகில் ஊறும் ஈஸ்ட் கேக்கை வீட்டில் செய்ய எந்த வழி ஏற்றது

ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மாவைச் சுட்டு, ஆறவிட்டு, பிறகு அதன் எடையளவுக்கோ அதற்கு மேலுமோ சர்க்கரைப் பாகைக் குடிக்கவைத்துப் பரிமாறும் கேக்குகளில் பாபாவும் சாவரினும் முதன்மையானவை. இரண்டுக்கும் மாவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் வீட்டில் முதன்முறை செய்யத் தொடங்குபவர் முன்னால் தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன: சிறிய அச்சா பெரிய வளையமா, கையால் பிசைவதா இயந்திரத்தில் பிசைவதா, சுட்ட அன்றே ஊறவைப்பதா மறுநாள் வரை காத்திருப்பதா, பாகு நீர்த்திருக்க வேண்டுமா கெட்டியாக இருக்க வேண்டுமா, ரம் சேர்ப்பதா விடுவதா. பெரும்பாலான சமையல் குறிப்புகள் இவற்றில் ஏதேனும் ஒன்றைச் சொல்லிவிட்டு, மற்றதை ஏன் விட்டன என்று சொல்லாமலே கடந்துவிடுகின்றன. பல முறை செய்து, சில முறை கெடுத்து, நான் வந்து சேர்ந்த இடம் இது: பாகை வயிறு நிறைய வாங்கிக்கொண்ட பின்னும் கேக் உடையாமல், கூழாகாமல் நிற்குமா என்ற ஒரே கேள்வியை வைத்தே ஒவ்வொரு தேர்வையும் எடைபோட வேண்டும். தோற்றமும் வசதியும் அதற்குப் பின்னால்தான்.

இந்தக் கேக்கின் பிறப்பைப் பற்றி வழங்கிவரும் கதையிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. போலந்தின் அரியணையை இழந்து பிரான்சின் லொரைன் பகுதியில் வாழ்ந்த மன்னர் ஸ்தானிஸ்லாஸ் லெஷ்சின்ஸ்கி, உலர்ந்துபோன குகெல்ஹொஃப் என்னும் உயரமான ஈஸ்ட் கேக் தொண்டையில் இறங்கவில்லை என்பதால் அதை இனிப்பு மதுவில் நனைத்து உண்டார் என்பது கதை. மன்னரின் மகள் மரி 1725-இல் பதினைந்தாம் லூயியை மணந்தபோது அவருடன் வெர்சாய் சென்ற பலகாரக் கலைஞர் நிக்கோலா ஸ்தோரர், 1730-இல் பாரிசின் மோந்தொர்கேய் தெருவில் சொந்தக் கடை திறந்தார். அந்தக் கடை இன்றும் பாபா விற்கிறது. ரம் சேர்க்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதே நூற்றாண்டின் 1840-களில், பாரிசில் கடை நடத்திய ஜூலியன் சகோதரர்கள் மாவிலிருந்து உலர் திராட்சையை நீக்கி, அதை வளைய அச்சில் சுட்டு, உணவுச் சுவை பற்றி எழுதிப் புகழ்பெற்ற பிரியா-சாவரினின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரமோ பாபாவைத் தனதாக்கிக்கொண்டு, தலை பருத்த காளான் வடிவில் இன்றுவரை செய்துவருகிறது. ஆக, உலர்ந்த கேக்கை மீட்கப் பிறந்த பலகாரம் இது. உலர்வு இதற்குக் குறையன்று. முதல் தேவையே அதுதான்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். 5 அல்லது 6 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சிறிய அச்சுகளில் தனித்தனி பாபாக்களாகச் சுடலாம். 22 முதல் 24 சென்டிமீட்டர் வளைய அச்சில் ஒரே சாவரினாகச் சுடலாம். உயரமான குகெல்ஹொஃப் அச்சில் பெரிதாகவும் சுடலாம். பார்வைக்குப் பெரியதே கம்பீரமானது என்பதால் நான் அதில்தான் தொடங்கினேன். மேற்பரப்பு பொன்னிறமாக வந்தது, அச்சிலிருந்தும் அழகாகக் கழன்றது. பாகுப் பாத்திரத்தில் பத்து நிமிடம் வைத்து, இருபுறமும் கரண்டி கொடுத்துத் தூக்கியபோது, அடிப்பகுதி நனைந்த காகிதம்போல மெல்லப் பிரிந்து பாத்திரத்திலேயே தங்கிவிட்டது. கையில் இருந்த மேல்பாதியை வெட்டிப் பார்த்தால், ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பாகு இறங்கியிருந்தது. அதற்கு உள்ளே வெள்ளையாக, உலர்ந்த ரொட்டியாகவே இருந்தது. ஒரே கேக்கில் ஒரு பகுதி அளவுக்கு மீறிக் குடித்துவிட்டது, இன்னொரு பகுதிக்கு ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை. பாகு எல்லாப் பக்கமிருந்தும் நடுப்பகுதியை நோக்கித்தான் பயணம் செய்ய வேண்டும் என்பதால், அந்தத் தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு சீராக ஊறும். சிறிய பாபாவில் அந்தத் தூரம் 3 சென்டிமீட்டருக்கு மேல் இல்லை. வளைய வடிவிலும், நடுவில் துளை இருப்பதால், ஏறத்தாழ அதே அளவுதான்.

எனவே உண்மையான போட்டி சிறிய பாபாவுக்கும் சாவரின் வளையத்துக்கும் இடையில்தான். பாபாவைப் பாகில் முழுதாக மூழ்கடிக்கலாம், திருப்பலாம், ஜல்லிக் கரண்டியால் ஒற்றையாகத் தூக்கலாம். பன்னிரண்டில் ஒன்று உடைந்தாலும் மீதி பதினொன்று இருக்கும். வளையத்தை அப்படி மூழ்கடித்துத் தூக்குவது கடினம். கம்பித் தட்டின் மேல் வைத்து, அடியில் ஒரு தட்டை ஏந்தி, வழிந்த பாகை மீண்டும் மீண்டும் அகப்பையால் மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடம் பிடிக்கும், ஆனால் கேக் அசையாமல் இருப்பதால் உடையும் ஆபத்து குறைவு. நடுத்துளையில் க்ரீமும் பழங்களும் நிரப்பி விருந்து மேசையில் வைக்க வளையத்துக்கு நிகர் இல்லை. ஆயினும் முதன்முறை செய்பவருக்கு நான் சிறிய அச்சுகளையே சொல்வேன். ஒன்றை வெட்டிப் பார்த்து உள்ளே ஊறியிருக்கிறதா என்று அறிந்து, மற்றவற்றைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு வளையத்தில் கிடைக்காது.

மாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஊறியபின் உடைகிற கேக்குகளில் பெரும்பாலானவை பிசையும்போதே தோற்றுவிட்டவை. 250 கிராம் மாவு, 3 முட்டை, 80 மில்லி பால், 80 கிராம் வெண்ணெய், 20 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. பன்னிரண்டு சிறிய பாபாக்களுக்கோ ஒரு வளையத்துக்கோ சரியாக இருக்கும். புரதம் குறைந்த, கேக்குக்கென்று விற்கப்படும் மென்மாவை இங்கே பயன்படுத்தக் கூடாது. சாதாரணக் கேக்கில் மென்மைக்கு உதவும் அந்தக் குணமே இங்கே எதிரியாகிறது. ரொட்டிக்கு ஏற்ற, நூற்றுக்கு 11 முதல் 13 பங்கு புரதமுள்ள மாவுதான் பாகின் எடையைத் தாங்கும் வலைப்பின்னலைத் தரும். அந்த வலைப்பின்னல்தான் குளூட்டன். கடற்பஞ்சு எவ்வளவு நீர் குடித்தாலும் உருக்குலையாமல் நிற்பது அதன் நார்களால்தான். இந்தக் கேக்கில் அந்த நார்களை நாம்தான் பிசைந்து பிசைந்து உண்டாக்க வேண்டும்.

கையா, இயந்திரமா? மாவு மிகத் தளர்வானது. பலகையில் போட்டுப் பிசையக்கூடிய உருண்டையாக அது ஒருபோதும் ஆகாது. இயந்திரத்தில், வெண்ணெய் சேர்க்கும் முன் நடுத்தர வேகத்தில் 8 முதல் 10 நிமிடம் அடித்தால், முதலில் கிண்ணத்தின் சுவரெங்கும் ஒட்டிக் கிடந்த மாவு மெல்ல மெல்லச் சுவரை விட்டு விலகி, கொக்கியைச் சுற்றிக்கொண்டு, அடிபடும் ஓசையே மாறிவிடும். அதன் பிறகு மென்மையான, ஆனால் உருகாத வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இன்னும் 5 நிமிடம் அடிக்க வேண்டும். வெண்ணெயை முன்கூட்டியே சேர்த்தால் அது மாவுத் துகள்களைப் பூசி மூடிவிடுவதால் குளூட்டன் உருவாவது தாமதமாகும். கையால் செய்பவர் விரல்களை அகப்பைபோல் குவித்து, மாவைக் கிண்ணத்தின் அடியிலிருந்து வாரித் தூக்கி, ஓங்கி அறைந்து, மறுபடி தூக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடம் விடாமல் செய்தால் இயந்திரத்துக்கு இணையான மாவு கிடைக்கும். தோள் வலிக்கும் என்பது உண்மை. ஆனால் கையால் செய்வதில் ஒரு நன்மையும் உண்டு: மாவு சூடாகிறதா என்பதைக் கை உடனே சொல்லிவிடும். இயந்திரத்தின் உரசலில் மாவு வெதுவெதுப்பாகிவிட்டால் வெண்ணெய் உருகிக் கசிந்து, மேற்பரப்பு எண்ணெய் மினுமினுப்பாகத் தெரியும். அப்போது நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் குளிரவைக்க வேண்டும். பிரெஞ்சுப் பழமுறையில் வெண்ணெய்த் துண்டுகளை மாவின் மேலேயே வைத்து மூடி, முதல் பொங்கல் முடிந்தபின் அடித்துச் சேர்ப்பார்கள். கையால் செய்பவருக்கு அந்த முறை மிகவும் பொருந்துகிறது, ஏனென்றால் பிசையும் உழைப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எந்த வழியானாலும் சோதனை ஒன்றுதான்: சிறிது மாவை எடுத்து இரு கை விரல்களால் விரித்தால், வெளிச்சம் ஊடுருவும் அளவு மெல்லிய திரையாகக் கிழியாமல் விரிய வேண்டும்.

ஈஸ்ட் வகைகளில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை நேரடியாக மாவில் கலக்கலாம், உலர் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான பாலில் கரைத்து நுரைக்கவிட வேண்டும், புதிய ஈஸ்ட் கிடைத்தால் இன்ஸ்டன்ட் அளவைப்போல மூன்று மடங்கு போட வேண்டும். சுவையில் நான் உணர்ந்த வேறுபாடு மிகச் சிறிது. ரமும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த பாகில் அதுவும் மறைந்துவிடுகிறது. ஈஸ்ட்டுக்குப் பதிலாக பேக்கிங் பவுடர் போட்டு விரைவாக முடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடிக்கலாம், ஆனால் அது வேறு பலகாரம். அதில் இந்த நார்த்தன்மை வராது என்பதால், மேலே சிறிது பாகு தெளிக்கலாமே தவிர, ஊறவைக்க இயலாது.

அச்சில் மாவை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நிரப்பி, விளிம்புக்குச் சற்றுக் கீழே வரும்வரை பொங்கவிட்டால் போதும். விளிம்பைத் தாண்டி உப்பவிட்டால் உள்ளே பெரிய பொந்துகள் விழுந்து, பாகு அவற்றில் தேங்கி, கேக் இடிந்துவிடும். 180 டிகிரி செல்சியசில் சிறியவை 20 முதல் 22 நிமிடத்திலும் வளையம் 30 நிமிடத்தை ஒட்டியும் வெந்துவிடும். நிறம் சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும். வெளிறிய தோல் பாகில் நைந்துபோகும்.

இனி, முழு வேலையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் தேர்வு: எப்போது ஊறவைப்பது? சுட்டவுடன் சூடாக இருக்கும்போதே பாகில் போடுவது ஒரு வழி. கேக்கும் சூடு, பாகும் சூடு என்றால் வெளிப்புறம் உடனே குழைந்துபோகும். அப்போதுதான் வெந்த உட்புறம் ஈரமாகவும் இளகியும் இருப்பதால் மேலும் பாகை வாங்க அங்கே இடமும் இல்லை, வாங்கினாலும் தாங்க வலுவும் இல்லை. இரண்டாவது வழி, ஆறியபின் அதே நாளில் குறைந்த சூட்டில் ஓவனில் உலர்த்தி ஊறவைப்பது. அவசரத்துக்கு இது உதவும். 120 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் தோலும் அதற்குக் கீழ்ப்பகுதியும் நன்றாக உலர்ந்துவிடும், ஆனால் நடுப்பகுதியில் பெரிய மாற்றம் இருக்காது. மூன்றாவது வழி, ஓர் இரவு முழுவதும், வேண்டுமானால் இரண்டு நாள், மூடாமல் கம்பித் தட்டில் வைத்துப் பழையதாக்குவது. காத்திருக்கச் சொல்வது பலருக்குச் சலிப்பூட்டும் என்றாலும், நான் தயக்கமின்றி இதையே பரிந்துரைக்கிறேன். கேக் பழையதாகும்போது நீர் மட்டும் வெளியேறுவதில்லை. வெந்து இளகிய ஸ்டார்ச் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகின்றன. அந்த இறுக்கம் கேக்கின் நடுப்பகுதி வரை சீராகப் பரவுகிறது. ஏறத்தாழ 60 டிகிரிச் சூட்டில் அந்த அடுக்கு மறுபடி இளகிவிடும் என்பதால், சூடான பாகில் விழுந்ததும், முதலில் விறைத்து நின்ற கேக் பாகை உள்ளே இழுத்துக்கொண்டே தானும் மென்மையாகிறது. இறுகியிருந்த நேரத்தில் உடையாமல் இருக்கிறது, இளகும் நேரத்தில் குடிக்கிறது. ஓவனில் மட்டும் உலர்த்திய கேக்கில் இந்த இரண்டும் பாதியளவே நடக்கின்றன.

ஒரே மாவில் சுட்ட பன்னிரண்டில் ஆறை அன்றே ஊறவைத்து, ஆறை மறுநாள் ஊறவைத்து நிறுத்துப் பார்த்தேன். உலர்ந்தபின் 40 கிராம் அளவில் இருந்த மறுநாள் பாபாக்கள், ஊறியபின் 95 கிராமை ஒட்டி நின்றன. அன்றே ஊறவைத்தவை 70 கிராமுக்கே கரண்டியில் சரியத் தொடங்கிவிட்டன. வீட்டுத் தராசில் ஒருமுறை பார்த்த கணக்குதான் இது. ஆனாலும் அதன் பிறகு நான் ஒருபோதும் அவசரப்பட்டதில்லை.

பாகின் பதமும் இதே கேள்விக்கு உட்பட்டதுதான். சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் போட்டால் பாகு தடித்து, தோலைத் தாண்டுவதற்குள் நின்றுவிடும். வெளியே பிசுபிசுப்பும் உள்ளே வறட்சியும் மிஞ்சும். கம்பிப் பதம் வரை காய்ச்சினாலோ அது பூச்சாகவே தங்கிவிடும். மாறாக, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் மட்டும் போட்டால் நொடியில் உள்ளே பாய்ந்துவிடும், ஆனால் வாயில் நீர்த்துத் தெரியும், கேக்கும் சீக்கிரம் நைந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் சர்க்கரை என்ற இடைநிலையே எனக்கு ஏற்றதாகப் பட்டிருக்கிறது. சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். மேலும் காய்ச்சினால் நீர் வற்றி விகிதம் மாறிவிடும். சூடு 60 டிகிரியை ஒட்டி இருக்கட்டும்: விரலை வைத்தால் ஒரு கணத்துக்கு மேல் தாங்க முடியாத சூடு, ஆனால் கொப்பளிக்காத பாகு. பாபாவைத் தலைகீழாக வைத்து இரண்டு மூன்று நிமிடம், திருப்பி அதே அளவு நேரம். முதலில் மிதக்கும், அதன் பக்கங்களிலிருந்து சிறு சிறு குமிழ்கள் வரிசையாக மேலேறிக்கொண்டே இருக்கும், உள்ளிருந்த காற்று வெளியேறிப் பாகு அந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதன் அடையாளம் அது. குமிழ்கள் நின்று, பாபா பாகில் ஆழ இறங்கியதும், ஜல்லிக் கரண்டியால் ஏந்தி விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். நடுவில் கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டால் மீண்டும் பாகுக்கே அனுப்ப வேண்டும்.

ரம் சேர்ப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: பாகிலேயே கலப்பது ஒன்று, ஊறி வடிந்தபின் மேலே ஊற்றுவது மற்றொன்று. கலப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பிறகே கலக்க வேண்டும். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிப்பது என்பதால் கொதிக்கும் பாகில் ஊற்றினால் வாசனையில் பெரும்பங்கு ஆவியாகப் போய்விடும். பிறகு ஊற்றுவதில் வாசனை கூர்மையாக நிற்கும், ஆனால் ஒரு வாய் காரமாகவும் அடுத்த வாய் வெறுமையாகவும் இருக்கும். நான் கலப்பதையே விரும்புகிறேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: சுட்டபின் சேர்ப்பதால் இந்தக் கேக்கில் ஆல்கஹால் வெந்து போவதில்லை. மேற்சொன்ன பாகில் 150 மில்லி ரம் கலந்தால், அது ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஆல்கஹால் உள்ள பாகு. குழந்தைகளுக்கும், கருவுற்றிருப்பவர்களுக்கும், மது அருந்தாதவர்களுக்கும் அதைக் கொடுக்கலாகாது. விருந்தினரிடம் சொல்லாமல் பரிமாறுவதும் முறையன்று.

ரம் இல்லாமல் செய்வது இரண்டாந்தரமானது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. ரம் செய்யும் வேலை வாசனை தருவது மட்டுமன்று. இனிப்பைச் சற்று அறுத்துக் கொடுப்பதும்தான். ரம் எசென்ஸ் வாசனையைத் தரும், அந்த அறுப்பைத் தராது. கடுப்பான தேயிலைச் சாறு அதைத் தருகிறது. அதன் துவர்ப்பு பாகின் இனிப்போடு நன்றாகப் பொருந்துகிறது. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைத் தேயிலைச் சாறாக மாற்றி, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களின் வெண்பகுதி படாமல் சீவிய பட்டைகளையும் ஒரு வெனிலா நெற்றையும் போட்டு மூடிவைத்து, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால், எதையோ விட்டுவிட்டோம் என்று உண்பவருக்குத் தோன்றாது. உலர் திராட்சை பாபாவின் மரபு. எனக்குப் பிடிக்கும், ஆனால் மாவில் நேரடியாகப் போடாமல் வெந்நீரிலோ ரமிலோ ஊறவைத்துப் பிழிந்துதான் போட வேண்டும். கடைசியாக ஆப்ரிகாட் ஜாமைச் சிறிது நீரில் இளக்கி மேலே பூசினால் பளபளப்போடு, பாகு மேற்புறத்தில் உலர்ந்து பூத்துப்போகாமலும் காக்கும்.

ஊறிய பாபா குளிர்பெட்டியில் மூடி இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். ஊறிய மறுநாள் பாகு எங்கும் சமமாகப் பரவிச் சுவை கூடியும் இருக்கும். ஊறாத பாபாவையோ, நன்றாக உலர்த்திக் காற்றுப்புகா டப்பாவில் ஒரு வாரமும், உறைநிலையில் ஒரு மாதமும் வைக்கலாம். எனவே ஒரே நாளில் இரட்டிப்பு அளவு மாவு பிசைந்து சுட்டு, பாதியை உறையவைத்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது. யாராவது வருவதாகச் சொன்னால், வேண்டிய எண்ணிக்கையை மட்டும் வெளியே எடுத்துக் குளிர் நீங்கவிட்டு, அரை லிட்டர் பாகு காய்ச்சி, அரை மணி நேரத்தில் மேசையில் வைத்துவிடலாம். மது உண்பவர்களுக்கு ஒரு பாத்திரத்திலும், உண்ணாதவர்களுக்கு இன்னொரு பாத்திரத்திலும் ஊறவைக்கலாம். வளையத்தைப் பாதி பாதியாக அப்படி ஊறவைக்க முடியாது.